ஊட்டி ரோடோடெண்ட்ரான் உங்க பால்கனிக்கு வருமா?

நமக்கு அடிக்கடி வர்ற ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம்: "ஊட்டியில ரத்தச் சிவப்பா கொத்துக் கொத்தா பூத்த மரம் பார்த்தேன், அதைச் சென்னை பால்கனியில வளர்க்கலாமா?"

முடியாதுங்க. அது நீலகிரி ரோடோடெண்ட்ரான். காட்டுப் பூவரசுன்னு சொல்றவங்களும் உண்டு, ஆனா பூவரசுக்கும் அதுக்கும் உறவே இல்ல. சுமார் 1500 மீட்டருக்கு மேல, குளிர்ந்த மலையில வாழுற மரம். நம்ம ஊர் ராத்திரிச் சூட்டையே அது தாங்காது. இதன் சொந்தக்காரங்க எல்லாம் இமயமலையில இருக்காங்க. நடுவுல அத்தனை தூரத்தையும் தாண்டி, நம்ம மேற்குத்தொடர்ச்சி மலையிலயும் இலங்கையின் மலைநாட்டுலயும் மட்டும் ஒதுங்கி நிக்குது. நினைச்சாலே ஆச்சரியம்தான்.

ஆனா கோத்தகிரியிலயோ கொடைக்கானல்லயோ தாத்தா வீடு இருக்கா? அப்போ தாராளமா வைக்கலாம்.

முதல்ல மண். இதுக்குப் புளிப்பான, அதாவது அமிலத்தன்மை உள்ள மண் வேணும். டெஸ்ட் கிட் இல்லைன்னா, தோட்டத்துல இருக்கிற ஹைட்ரேஞ்சியாவைப் பாருங்க. பூ நீலமா இருந்தா மண் சரி. சுண்ணாம்பும் அடுப்புச் சாம்பலும் கிட்டவே போகக்கூடாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நின்னா, பெரும்பாலும் மண்ணுல காரம் ஏறி, செடியால இரும்புச்சத்தை எடுக்க முடியலைன்னு அர்த்தம்.

அடுத்தது நடுற ஆழம். நிறைய செடி சாகறது இங்கதான். வேர் மெல்லிசா, மேலாகவே பரவும். ஆழமா புதைச்சா மூச்சு முட்டிப் போகும். வேர்க்கட்டியோட தலை தரைமட்டத்துக்கு ஓர் அங்குலம் மேல தெரியணும். சுத்தி இலைச்சருகைப் போட்டு மூடுங்க. கொத்திக் கிளறவே வேண்டாம்.

இடம் முக்கியம், ஏன்னா இது குளிர் முடியறதுக்கு முன்னாடியே பூக்க ஆரம்பிக்கும். மரத்துக்குத் தடிமனான பட்டை இருக்கு, உறைபனியைத் தாங்கிடும். விரிஞ்ச பூ தாங்காது, ஒரே ராத்திரியில பழுப்பாயிடும். பள்ளத்துல குளிர்காத்து தேங்கும், அங்க வைக்காதீங்க. சரிவுல, விடிஞ்ச உடனே வெயில் நேரா அடிக்காத பக்கமா பாருங்க. கவாத்து பண்ணணும்னா பூ முடிஞ்ச கையோட பண்ணுங்க. தள்ளிப்போட்டா அடுத்த வருஷ மொட்டையும் சேர்த்து வெட்டிடுவீங்க.

நாத்து எங்க கிடைக்கும்? சோலைக்காட்டுல இருந்து பிடுங்கிட்டு வராதீங்க. காப்புக்காட்டுல அது குற்றம், பிடுங்கின செடி பிழைக்கிறதும் அபூர்வம். சோலை மரங்களை வளர்க்கிற மலை நர்சரிகள்ல கேளுங்க. விதையில இருந்து வந்த செடின்னா பூக்கவே பத்து வருஷமோ அதுக்கு மேலயோ ஆகலாம். இருபத்தஞ்சு வயசுல வெச்சா முப்பத்தஞ்சுல பூ. எனக்கு இது பெரிய குறையாத் தெரியல.

கடைசியா ஒண்ணு: உத்தராகண்ட்ல இதோட இமயமலை வகைப் பூவுல ஜூஸ் போடுறாங்க. அதைப் பார்த்துட்டு நீங்க வீட்டுல முயற்சி பண்ணாதீங்க. இந்தச் செடிக் குடும்பத்துல கிரயனோடாக்சின்ங்கிற நச்சு உண்டு. ஆடு, மாடு இருக்கிற வீடுன்னா வேலி போட்டுட்டு நடுங்க.