முடியின் நீளமும் மயிர்க்காலின் தவணையும்

(மாணவர்களுக்கும் பெற்றோர்களுக்குமாக நடைபெற்ற கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் உயிரியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் முடி. "இதுவும் ஒரு பொருளா?" என்று சிலர் புன்னகைப்பது தெரிகின்றது. ஆனால், இதே முடி ஒரு மாணவியின் படிப்பையே நிறுத்தப் பார்த்தது. 2021 செப்டம்பரில் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டபோது, என் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் வரவில்லை. விசாரித்தபோது அவளுடைய தாயார் கண்கலங்கினார். சீப்பை எடுத்தால் கைநிறைய முடி வருகின்றதாம். வழுக்கையாகிவிடுவோம் என்ற அச்சத்தில் பிள்ளை வாசற்படி தாண்ட மறுக்கின்றாளாம். விளம்பரத்தைப் பார்த்து வாங்கிய எண்ணெய்க்கே பெருந்தொகை செலவாகியிருந்தது. அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய, முதலில் ஓர் எளிய வினாவுக்கு விடை காண வேண்டும்.

தலைமுடி இடுப்புவரை வளர்கின்றது. புருவமோ கண்ணை மறைக்கும் அளவுக்கு வளர்வதில்லை. கைகளில் உள்ள முடியை நாம் வெட்டுவதே இல்லை. ஆயினும் அது ஓரளவோடு நின்றுவிடுகின்றது. எங்கே நிற்க வேண்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்?

உண்மையில் முடிக்கு எதுவும் தெரியாது. நம் கண்ணுக்குத் தெரியும் முடி, நகத்தைப் போலவே கெராட்டின் என்னும் புரதத்தால் ஆன உயிரற்ற இழை. உயிருள்ளது தோலுக்கு அடியிலுள்ள மயிர்க்கால்தான். அந்த மயிர்க்காலும் நீளத்தை அளப்பதில்லை. அது தன் தவணைக் காலம் முடியும்வரை உழைக்கின்றது, அவ்வளவே.

ஒவ்வொரு மயிர்க்காலுக்கும் மூன்று நிலைகள் உண்டு. முதலாவது வளர்நிலை. இரண்டாவது, இரண்டு மூன்று வாரங்கள் நீடிக்கும் ஒடுங்குநிலை. மூன்றாவது ஓய்வுநிலை. ஓய்வு முடிந்ததும் பழைய முடி உதிர, அதே இடத்தில் புதியது முளைக்கின்றது. தலையில் வளர்நிலை 2 முதல் 6 ஆண்டுகள்வரை நீடிக்கும். புருவத்திலும் இமையிலும் அது ஓரிரு மாதங்களே. கை கால்களில் சில மாதங்களே.

மாணவர்களே, ஒரு கணக்குப் போடுங்கள். தலைமுடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்கின்றது. வளர்நிலை 5 ஆண்டுகள் என்றால் 60 செ.மீ.; 2 ஆண்டுகள் என்றால் 24 செ.மீ. மட்டுமே. ஒரே வீட்டில் ஒரே எண்ணெயைத் தேய்க்கும் அக்காளுக்கு இடுப்புவரையும் தங்கைக்குத் தோள்வரையும் முடி இருப்பதன் காரணம் இதுவே. குறை எண்ணெயிலும் இல்லை, தங்கையிடமும் இல்லை. வளரும் வேகமும் இடத்திற்கு இடம் சற்று வேறுபடும். எனினும் நீளத்தைப் பெரிதும் தீர்மானிப்பது காலமே.

இத்தவணையை விதிப்பதில் மரபணுக்களுக்குப் பெரும் பங்குண்டு. எஃப்.ஜி.எஃப்.5 என்னும் மரபணு, "வளர்ந்தது போதும்" என்று மயிர்க்காலுக்கு உணர்த்தும் புரதத்தை உருவாக்குகின்றது. 1994இல் அம்மரபணுவைச் செயலிழக்கச் செய்த சுண்டெலிகளுக்கு, அங்கோரா ஆடுகளைப் போல் நீண்ட உரோமம் வளர்ந்தது. 2014இல், இயல்புக்கு மீறி நீண்ட இமைமுடி கொண்ட குடும்பத்தினரிடமும் இதே மரபணுவில் பழுது கண்டறியப்பட்டது.

மயிர்க்கால் இடம் மாறினாலும் அதன் இயல்பு மாறுவதில்லை. நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1950களில், பின்தலை மயிர்க்கால்களை எடுத்து வழுக்கையான முன்தலையில் நட்டார். அவை புதிய இடத்திலும் பின்தலை முடியாகவே வளர்ந்தன.

மழித்தால் முடி தடித்து வளரும் என்கின்றோம். 1928இலேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இதைச் சோதித்து, அப்படி எதுவும் நிகழ்வதில்லை என்று காட்டினார். சவரக்கத்தி உயிரற்ற இழையைத்தான் வெட்டுகின்றது, வேரைத் தொடுவதில்லை. வெட்டுண்ட முனை மழுங்கியிருப்பதால் தடிப்பாகத் தோன்றுகின்றது.

இந்த அளவுகளில் பயனும் உண்டு. 22 பாலூட்டி இனங்களின் இமைகளை அளந்து 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, இமைமுடி கண்ணின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருப்பதே கண்ணை உலர்விலிருந்து நன்கு காக்கும் எனக் கண்டது. குறைந்தாலும் கூடினாலும் கண்ணில் காற்று மிகுதியாகப் படுகின்றது. தலைமுடியோ வெயிலின் வெப்பத்தைத் தடுக்கின்றது.

பருவ வயதில் ஆண்ட்ரோஜன் ஹார்மோன்களால் பூனைமுடி சில இடங்களில் தடித்து நீள்கின்றது. பெண்களின் உடலிலும் இவை சிறிதளவு சுரக்கின்றன. ஆகவே, மேலுதட்டில் மெல்லிய முடி தெரியும் பெண்பிள்ளையைக் கேலி செய்வது அறியாமை. அவள் மனத்தைப் புண்படுத்தும் கொடுமையுமாகும். முகமுடி திடீரென மிகுந்து, மாதவிடாயும் முறை தவறினால் தாய்மார்கள் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இப்போது அந்த மாணவியிடம் வருவோம். தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முடிகள் உள்ளன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. கடுங்காய்ச்சல், பிரசவம், பட்டினி போன்றவை உடலை உலுக்கும்போது, வளர்நிலையிலுள்ள பல மயிர்க்கால்கள் ஒருசேர ஓய்வுக்குச் சென்றுவிடுகின்றன. இரண்டு மூன்று மாதங்கள் கழித்து அவை ஒருசேர உதிர்கின்றன. அவளுக்கு ஜூன் மாதம் கொரோனா காய்ச்சல் வந்திருந்தது. முடி கொட்டியது செப்டம்பரில். இடையில் மூன்று மாதங்கள் கடந்துவிட்டதால், வீட்டில் எவரும் இரண்டையும் இணைத்துப் பார்க்கவில்லை. உதிர்ந்தது முடிதான், வேர் அழியவில்லை.

அரசு மருத்துவமனை மருத்துவரும் இதையே கூறி, இரத்தத்தில் இரும்புச்சத்தைச் சோதித்து, உணவு முறையைச் சொல்லியனுப்பினார். அடுத்த வாரமே அவள் வகுப்புக்கு வந்தாள். ஆண்டு முடிவதற்குள் நெற்றியோரம் குட்டை முடிகள் முளைத்திருந்தன. 2022 மே மாதம் பொதுத்தேர்வையும் எழுதினாள்.

அன்புப் பெற்றோர்களே! உங்கள் பிள்ளையின் முடி கொத்தாக உதிர்ந்தால், கடைக்கு ஓடும் முன், மூன்று மாதங்களுக்கு முன்பு அவளுக்கு என்ன நேர்ந்தது என்று எண்ணிப் பாருங்கள். உதிர்வு ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்தாலோ, வட்ட வட்டமாக வழுக்கை விழுந்தாலோ மருத்துவரை நாடுங்கள். எண்ணெய் முடியைப் பளபளப்பாக்கும். மயிர்க்காலின் தவணையை நீட்டாது. அந்தப் பணத்தில் பிள்ளைக்கு முட்டையும் கீரையும் பேரீச்சையும் வாங்கிக் கொடுங்கள். ஒரு நல்ல நூலும் வாங்கிக் கொடுங்கள்.