தொட்டறியும் கல்வி

(சங்கத்தின் வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கல்லூரி மாணவர்க்கும் துணை நின்று வந்துள்ளது. அவர்களினும் இளையோராகிய, மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள நம் குழந்தைகளின் அறிவியல் கல்வியைப் பற்றி இன்று சிந்திப்போம்.

அறிவியல் ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது என்பர் பலர். அது குழந்தையின் விரல் நுனியில் தொடங்குகிறது என்பதே நம் கருத்து. தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தபோது, முதல் அறிவாக வைத்தது தொடுவுணர்வையே. அந்தத் தொடுதலையே குற்றமாக்கி, நம்மைத் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கியது சாதி. பள்ளியில் கோணியின்மேல் தனியே அமர்த்தப்பட்ட சிறுவன் பீமராவ், தண்ணீர்க் குழாயைத் தன் கையால் தொட இயலவில்லை. ஏவலாள் வந்து திறந்தாலன்றி அவன் தாகம் தீராது. ஆகவே எதையும் தொட்டும் முகர்ந்தும் தானே சோதித்தும் அறிவது நம் குழந்தைகளுக்கு வெறும் பொழுதுபோக்கன்று. அது அவர்களின் உரிமை.

இதற்கு வழிகாட்டியோர் உண்டு. இன்றைய மகாராட்டிரத்தின் கடலோரச் சிற்றூராகிய போர்டியில், 1945இல் தாராபாய் மோடக் அம்மையாரும் அனுதாய் வாக் அம்மையாரும் ஏழைக் குழந்தைகளுக்கான கல்விப் பணியைத் தொடங்கினர். மாண்டிசோரி அம்மையாரின் முறைக்குரிய விலையுயர்ந்த கருவிகள் சிற்றூருக்கு எட்டா. எனவே கிளிஞ்சலும் கூழாங்கல்லும் இலையும் அங்கே கருவிகளாயின. குழந்தைகள் பள்ளிக்கு வராதபோது, பள்ளியே அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்குச் சென்றது. 'அங்கன்வாடி' என்னும் பெயரிலும் முற்றம் என்ற பொருளே உள்ளது.

நம் தெருவிலும் இவற்றைச் செய்யலாம். அகன்ற பாத்திரத்தில் நீர் வைத்து, ஆணியையும் கொட்டாங்கச்சியையும் குழந்தையிடம் கொடுங்கள். ஆணி மூழ்கும், கொட்டாங்கச்சி மிதக்கும். அந்த ஆணியைக் கொட்டாங்கச்சிக்குள் வைத்தால்? குழந்தையே செய்து பார்க்கட்டும். ஒரு கைப்பிடி மண்ணை நீரில் கலக்கி அசையாது வைத்தால் மணல் முதலில் அடியில் படியும். நுண்ணிய களிமண் நெடுநேரம் கலங்கியே நிற்கும். ஒரு குச்சியை நட்டு, அதன் நிழல் நுனியில் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் கல் வைக்கச் செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு துளசியையும் நொச்சியையும் மணத்தால் பிரித்தறியச் சொல்லுங்கள்.

"என்ன நடக்கும்?" என்று முன்பும், "என்ன நடந்தது?" என்று பின்பும் கேளுங்கள். விடையை நாமே சொல்லிவிடலாகாது. ஊகித்தல், சோதித்தல், கண்டதைக் கூறல் ஆகிய மூன்றுமே அறிவியலின் அடிப்படை.

"மண்ணில் உழன்ற நம் பிள்ளைகளை மீண்டும் மண்ணுக்கே அனுப்புவதா?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. 1953இல் சென்னை மாநிலத்தில், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பழகச் சொன்ன திட்டம் வந்தது. அது குலக்கல்வி என்று மக்கள் எதிர்க்கவே, 1954இல் கைவிடப்பட்டது. நாம் வேண்டுவது அதற்கு நேர்மாறானது. அத்திட்டம் பிள்ளையைத் தந்தையின் தொழிலோடு கட்டிவைக்க முயன்றது. இவ்விளையாட்டோ அவனைக் கேள்வி கேட்கப் பழக்குகிறது. முற்றத்து விளையாட்டைக் காட்டி, நம் பள்ளிக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம் என்று எவரேனும் கூறினால் அதை ஏற்கலாகாது. இன்று கொட்டாங்கச்சியைப் பிடித்த கை நாளை சோதனைக் குழாயையும் பிடித்தாக வேண்டும்.

இளைஞர்களே! ஞாயிறுதோறும் காலையில் ஒரு மணி நேரம் தாருங்கள். முள்ளையும் கண்ணாடிச் சில்லையும் அகற்றி இடத்தைத் தூய்மை செய்யுங்கள். நீர் இருக்கும் இடத்தில் குழந்தையை விட்டு அகலாதீர்கள். முடிந்தபின் சோப்பிட்டுக் கை கழுவச் செய்யுங்கள். சட்டையில் சேறு பட்டதென்று மட்டும் எந்தக் குழந்தையையும் அதட்டாதீர்கள். அழுக்கு என்னும் சொல்லால் நம் முன்னோர் பட்ட காயம் போதும்.

வரும் ஞாயிறன்றே தொடங்குவோம்.