நாண்டியில் ஒரு முருகன் கோயில்

கோடை விடுமுறைக்கு அபிராமபுரத்து வீடுகளில் ஊட்டியா, மாலத்தீவா என்று பேச்சு தொடங்கியிருக்கும். பசிபிக் கடலின் பிஜியையும் யோசிக்கலாம். மே முதல் அக்டோபர் வரை அங்கே மழை குறைவு. மற்ற மாதங்கள் புயல் காலம், வேண்டாம். நேரடி விமானம் கிடையாது, சிங்கப்பூரில் மாறலாம். பாட்டி கட்டித்தரும் ஆவக்காய், பருப்புப்பொடியை இறங்கியதும் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.

கடற்கரை எந்தத் தீவிலும் உண்டு. நான் பிஜியைச் சொல்வது நாண்டி ஊரின் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்காக. வண்ண வண்ணச் சுதை, அசல் நம்மூர்க் கோபுரம்! 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள் அங்கே காவடி எடுக்கிறார்கள். 1926-இல் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் கோயிலை நடத்துகிறது. பாரதியார் ‘கரும்புத் தோட்டத்திலே’ என்று கலங்கிப் பாடியது இந்தத் தீவின் பெண்களைத்தான்.