ஒரு ராத்திரி ஆறட்டும்



ஆயுத பூஜை என்றால் வண்டியைக் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி எடுப்போம். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு வாரம் முன்பாக இன்னொரு வேலை உண்டு. வண்டிக்கு வருஷாந்திரப் பெரிய சர்வீஸ். சனிக்கிழமை சாயங்காலம் ஆரம்பித்தால் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு முடியும். இருபது வருஷமாக நானே செய்கிறேன். அதைப் பற்றித்தான் இன்றைக்கு உங்களோடு பேசப்போகிறேன்.

என்னுடையது பழைய புல்லட் 350. வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட எஞ்சின். 1955இல் சென்னை திருவொற்றியூரில் தொடங்கிய தொழிற்சாலையின் பிள்ளை. 70 மில்லிமீட்டர் அகலமுள்ள சிலிண்டருக்குள் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்குகிறது. அந்த நெடிய ஓட்டம்தான் நாம் ‘பீட்’ என்று சொல்லும் நிதானமான துடிப்புக்கு ஒரு காரணம். இந்த வகை எஞ்சின் புதிதாக வருவது நின்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் ஊருக்கு ஊர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மெக்கானிக் கடை பக்கத்திலேயே இருக்கும்போது நீங்கள் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். காசு மிச்சமாகிறது என்பது உண்மைதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இந்த எஞ்சினுக்கு இரண்டு விதமான உடம்புச் சூடு வேண்டும். எஞ்சின் ஆயிலை இறக்க வேண்டுமானால் சூடாக இருக்க வேண்டும். சூட்டில்தான் ஆயில் இளகி, அடியில் படிந்த கசடையும் கூட்டிக்கொண்டு வெளியே வரும். டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி, வைக்க வேண்டுமானால் எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு ராத்திரி போக வேண்டும். வாசலில் பத்து வண்டி நிற்கும் கடைக்காரரிடம் போய், ‘என் வண்டிக்கு ஒரு ராத்திரி கொடுங்கள்’ என்று கேட்பது நியாயமில்லை. சொந்தக்காரனிடம் அந்த ராத்திரி இருக்கிறது.

அதனால் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, சமதளத்தில் சென்டர் ஸ்டாண்ட் போடுவேன். அடியில் பழைய பேசின். கிராங்க் கேஸுக்கு அடியில் உள்ள டிரெயின் போல்ட்டுகளைக் கழற்றியதும் ஆயில் கறுப்பாக இறங்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், சூடு தோலை உரித்துவிடும். இறங்கிய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். நான் ஒரு கேனில் சேர்த்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் கடையில் கொடுத்துவிடுகிறேன். டைமிங் பக்கத்தில் ஒரு மூடிக்குள் கம்பளிபோல ஒரு ஃபில்டர் இருக்கும். அதை மண்ணெண்ணெயில் அலசினால் போதும் என்பவர்கள் உண்டு. நான் வருஷத்துக்கு ஒருமுறை புதிதே போட்டுவிடுகிறேன். அந்தச் சின்னப் பொருளில் சிக்கனம் வேண்டாம் என்பது என் கட்சி.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். முதல் வருஷம் டிரெயின் போல்ட்டைத் திருப்பி மாட்டும்போது, ஆயில் ஒழுகிவிடுமோ என்ற பயத்தில் ஸ்பேனரை இன்னும் ஒரு கால் சுற்று இழுத்தேன். ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு போல்ட் இறுகவே இல்லை, சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. போல்ட் எஃகு, அது போய் உட்காரும் கேஸ் அலுமினியம். இரண்டும் மோதினால் அலுமினியம்தான் தோற்கும். தெருமுனை மெக்கானிக் அண்ணன் வந்து விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். “மரை போயிருச்சு தம்பி. ஸ்பேனரக் கடைசியில புடிச்சு இழுத்தீங்களா?” என்றார். ஆமாம் என்றேன். லேத்துப் பட்டறையில் கொடுத்துப் புது மரை வெட்டி வாங்க நாலு நாள் ஆயிற்று. ஒழுகாமல் தடுப்பது போல்ட்டின் இறுக்கம் மட்டுமில்லை, அடியில் இருக்கும் செம்பு வாஷரும்தான் என்று அன்றைக்கு அவர் காட்டினார். செம்பு நசுங்கிக் கொடுத்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். அன்றிலிருந்து வாஷரைப் புதிதாகப் போடுகிறேன். ஸ்பேனரைப் பாதி நீளத்தில்தான் பிடிக்கிறேன். வாஷர் நசுங்குவது கைக்குத் தெரியும். தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

சனிக்கிழமை ராத்திரி அதற்குமேல் வண்டியைத் தொடுவதில்லை. ஒரு துணியைப் போர்த்திவிட்டு வந்துவிடுவேன்.

ஞாயிறு காலை. எஞ்சினைத் தொட்டால் கிணற்றடிக் கல் மாதிரி சில்லென்று இருக்கும். இனி டேப்பெட். சிலிண்டருக்கு வலப்பக்கம், ஒரே நட்டில் நிற்கும் ஒரு சின்ன மூடி இருக்கிறது. அதைத் திறந்தால் உள்ளே இரண்டு புஷ்ராடுகள் நிற்பது தெரியும். கீழே சுழலும் கேம் உந்த, இந்தக் கம்பிகள் மேலே போய், ராக்கர் வழியாக வால்வைத் திறக்கின்றன. பிளக்கைக் கழற்றிவிட்டு, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலைக்கு, அதாவது கம்ப்ரஷன் முடிந்து பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்துக்கு, எஞ்சினை மெல்ல நகர்த்திக்கொள்ள வேண்டும்.

இப்போது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் புஷ்ராடைப் பிடித்து உருட்டிப் பாருங்கள். தடையில்லாமல் உருள வேண்டும். அதையே மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அசையவே கூடாது. இந்த எஞ்சினுக்கு அளவு அவ்வளவுதான். இடைவெளி பூஜ்யம், ஆனால் இறுக்கமும் பூஜ்யம். மற்ற பல வண்டிகளுக்கு ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடு இல்லாமல் டேப்பெட் வைக்க முடியாது. இதற்கு விரல்தான் கேஜ்.

சூட்டில் ஏன் வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் சூடேறும்போது சிலிண்டரும் ஹெட்டும் விரிந்து உயரும், டேப்பெட்டில் ஒரு மயிரிழை இடம் விழும். அந்த இடத்தையும் எடுத்துவிடலாம் என்று சூட்டிலேயே திருகி வைத்தால், ராத்திரி எஞ்சின் ஆறிச் சுருங்கும்போது புஷ்ராடு வால்வைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். வால்வு முழுக்க மூடாது. மறுநாள் காலையில் கிக்கரை மிதித்தால் காலுக்கு எதிர்ப்பே இருக்காது. அப்படியே ஓட்டினால் எரியும் வாயு அந்த இடுக்கில் கசிந்து எக்ஸாஸ்ட் வால்வைத் தின்றுவிடும். டக் டக் என்று கொஞ்சம் சத்தம் போடும் டேப்பெட்டைவிட, சத்தமே போடாத இறுக்கமான டேப்பெட்தான் ஆபத்து. நிறையப் பேர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

சரிசெய்யும் இடத்தில் அறுகோணத் தலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று இருக்கும். நடுவில் உள்ளது பூட்டு நட். மெலிந்த ஸ்பேனர்கள் வேண்டும். உங்களுக்கோ இரண்டு கைதான். பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது, என் மகள் பிடித்துக்கொள்வாள். பூட்டு நட்டை இறுக்கும்போது அளவும் கூடவே கொஞ்சம் நகர்ந்துவிடும். அதனால் இறுக்கிய பிறகு இன்னொரு தடவை உருட்டிப் பார்க்காமல் மூடியைப் போடாதீர்கள். சில வருஷம் எனக்கு ஐந்தாறு தடவை ஆகும். இந்த எஞ்சினுக்கு அடுத்து வந்த புல்லட்டுகளில் டேப்பெட் ஹைட்ராலிக், ஆயில் அழுத்தத்தில் தானே சரிசெய்துகொள்ளும். அவற்றுக்கு இந்த வேலையே கிடையாது.

அடுத்தது பாயிண்ட், அதாவது பிளக்கில் பொறி கிளம்பும் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனைகள். 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் திறக்க வேண்டும். கேம் மேல் உரசும் ஃபைபர் முனை தேயத் தேய இந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். அதனால் வருஷத்துக்கு ஒருமுறை அளந்துதான் ஆக வேண்டும். பிறகு செயின். அதற்கு நல்லெண்ணெய் போடுபவர்களையும் கண்டிருக்கிறேன், வேண்டாம். சக்கரத்தை முழுச் சுற்றுச் சுற்றி, எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அந்த இடத்தில் தொய்வைப் பாருங்கள். ஆள் ஏறி உட்கார்ந்தால் செயின் இன்னும் இறுகும் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது ஒரு எச்சரிக்கை. உள்ளே படிந்திருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் கல்நார் கலந்திருக்கக்கூடும், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தெடுத்து, துணியையும் கட்டிப் போட்டுவிடுங்கள். ஷூ தேய்ந்திருந்தாலோ, வீல் பேரிங் ஆடினாலோ, எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருந்தாலோ நான் மெக்கானிக் அண்ணனிடம்தான் போகிறேன். வாரண்டியில் இருக்கும் புது வண்டிக்காரர்களும் கம்பெனி சர்வீஸுக்கே விடுங்கள்.

புது ஆயில் ஊற்றியாயிற்று. சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு, பிளக்கில் பொறி வராமல், பத்துப் பதினைந்து தடவை கிக்கரை மிதிப்பேன், ஆயில் மேலே ஏறட்டும் என்று. பிறகு அம்மீட்டர் முள் நடுவுக்கு வரும் இடம் பார்த்து, கொஞ்சம் தாண்டிவிட்டு, ஒரே மிதி. எஞ்சின் பிடித்துக்கொண்டதும், ஹெட்டுக்கு ஆயில் கொண்டுபோகும் மெல்லிய குழாயின் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்துவேன். முதலில் ஒன்றும் வராது. நானும் மகளும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருப்போம். போல்ட்டின் விளிம்பில் ஒரு துளி திரளும், தேன் நிறத்தில். அது உருண்டு இறங்கியதும் போல்ட்டை மூடிவிட்டு, மகள் நோட்டுப் புத்தகத்தில் தேதியையும் கிலோமீட்டரையும் எழுதிக்கொள்வாள்.