பறிபோன பெயர்
(தொழிலாளர் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



நமது மலைகளில் தோட்டம் திறந்த துரைமார் பலர் ஸ்கொட்லாந்துக்காரர்கள். 'மக்' என்று தொடங்கும் பெயர்கள் அந்த நாட்டில் ஏராளம். அங்குள்ள கேலிக் மொழியில் 'மக்' என்றால் மகன். மக்கிரெகர் என்றால் கிரெகரின் மகன்.

மேற்கு ஸ்கொட்லாந்தின் மலைப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்தவர்கள் மக்கிரெகர் குலத்தார். பலம் படைத்த கெம்பல் குலத்தார் அவர்களின் நிலத்தைச் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டார்கள். மோதல் மூண்டது. 1603இல் அரசு மக்கிரெகர் என்ற பெயரையே தடைசெய்தது. மீறினால் மரண தண்டனை. உயிர் பிழைக்க மறே, டிரமண்ட், கிரஹம் என்று மாறினார்கள். கெம்பல் என்றும்கூட மாறினார்கள். பேர்பெற்ற ரொப் ரோயும் தாய் வழிப் பெயரான கெம்பலைத்தான் வைத்துக்கொண்டார்.

1661இல் நீங்கிய தடை 1693இல் திரும்ப வந்தது. 1774இல்தான் முற்றாக ஒழிந்தது. பலர் பழைய பெயரை மீட்டார்கள். இன்று அது கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து வரை பரவியிருக்கிறது.

பெயரின் அருமை நமக்குத் தெரியாததல்ல. நாள் வேலையையே நாம் 'பேர்' என்கிறோம். கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. 1948இல் நம்மவர்கள் பிரஜாவுரிமை இழந்தார்கள். எஞ்சியவர்களுக்கு அது கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

ஆகவே, பிள்ளையின் பிறப்பைப் பதியும்போது அவசரப்படாதீர்கள். எழுதிய பெயரை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிழையென்றால் அங்கேயே திருத்தக் கேளுங்கள். அது நமது உரிமை.