கடல் எழுதிய ஏடுகள்



இத்தாலி நாட்டின் வடபகுதியில், ஆல்ப்ஸ் தொடரின் ஓர் அங்கமாக டோலமைட் மலைகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்று 2,842 மீட்டர் உயரமுள்ள லாத்தேமார். அதன் செங்குத்தான வெண்முகத்தை நோக்குவோர்க்கு, புத்தகத்தின் ஏடுகளைப் போலச் சுண்ணாம்புக்கல் அடுக்கடுக்காய்த் தோன்றும். ஓர் அடுக்கின் கனம் ஏறத்தாழ ஒரு மீட்டர். அத்தகையவை 500-க்கு மேல் உண்டு. மொத்த கனம் ஏறக்குறைய 700 மீட்டர். இவையெல்லாம் சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் படிந்தவை.

ரிக்ட்ஹோஃபன் என்னும் ஜெர்மானிய அறிஞர், இம்மலைகள் பண்டைப் பவளத்திட்டுகளே என்று 1860-இல் எழுதினார். கருத்து பெரும்பாலும் சரியே. ஆனால் கட்டிய கொத்தர்களுள் பவள உயிர்கள் சிறுபான்மையினர். நுண்ணுயிர்களும் பாசிகளும் கடற்பஞ்சுகளுமே பெரும்பணி செய்தன.

இங்கேதான் ஒரு புதிர் எழுகிறது. இவ்வடுக்குகளில் அடியிலுள்ளதும் ஆழமற்ற நீரில் உண்டானதே, உச்சியிலுள்ளதும் அவ்வாறே. ஒளி புகும் மேல்நீரிலன்றித் தழைக்காத உயிர்கள் 700 மீட்டர் கனத்துக்குக் கல்லை அடுக்கியது எங்ஙனம்?

அடித்தளம் மெல்ல மெல்லத் தாழ்ந்திருந்தால் இது கைகூடும். பசிபிக் கடலின் வளையத் தீவுகளைக் குறித்து டார்வின் 1842-இல் சொன்ன விளக்கம் இதுவே. 1952-இல் எனிவீட்டோக் தீவைத் துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் கீழே எரிமலைப் பாறை தென்பட்டது. டார்வினின் கூற்று மெய்யாயிற்று. லாத்தேமாரின் காலத்திலும், டெதிஸ் என்னும் பழங்கடலின் மேற்கோரத்தில் புவியோடு இழுபட்டு, பிளவுண்டு, தாழ்ந்துகொண்டிருந்தது. நிலம் தாழத் தாழ, உயிர்கள் கட்டிக்கொண்டே மேலே வந்தன.

ஆயினும் நிலம் தாழ்ந்ததால் கனம் விளங்குமேயன்றி, ஏடு ஏடாய்ப் பிரிந்திருப்பது விளங்காது. ஒவ்வோர் ஏட்டின் தலைப்பிலும், அது சிறிது காலம் நீருக்கு மேலே வெயிலில் காய்ந்த அடையாளம் இருக்கிறது. எனவே கடல்மட்டமும் ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்றனர் அறிஞர். புவியின் அச்சு தள்ளாடுவதால் ஏறத்தாழ 20,000 ஆண்டுக்கொரு முறை வெயிலின் பங்கீடு மாறுகிறதல்லவா? அத்தாளத்துக்கே கடலும் அசைந்தது. ஓர் அசைவுக்கு ஓர் ஏடு! அழகான கணக்கு. அதன்படி மலை எழ ஒரு கோடி ஆண்டுகளுக்குமேல் ஆகியிருக்கும்.

ஆனால் அண்டை எரிமலைகள் உமிழ்ந்த சாம்பலும் அவ்வேடுகளிடையே மெல்லிய படலமாய்க் கிடக்கிறது. அதிலுள்ள சிர்க்கான் படிகங்களில் யுரேனியம் மெதுவாக ஈயமாய் மாறும். அம்மாற்றத்தை அளந்தால் வயது தெரியும். 1996-இல் வெளிவந்த அளவீடு, அழகான கணக்கைக் கலைத்துவிட்டது. கிடைத்த காலம் அதில் பாதிக்கும் குறைவு. அப்படியாயின் ஓர் ஏட்டுக்குச் சில ஆயிரம் ஆண்டுகளே கிடைக்கும். அக்காலத்தில் துருவங்களில் பெரும்பனிப் பரப்பு இருந்ததற்குச் சான்றும் இல்லை. கடலை அத்தனை விரைவாக அசைத்தது எது? நிலமே விட்டுவிட்டுத் தாழ்ந்ததோ என்று கேட்பவரும் உண்டு. வழக்கு நெடுங்காலம் நடந்தது. படிகத்தின் சாட்சியத்தைத் தள்ளுவது எளிதன்று என்பது என் எண்ணம்.

இது வெறும் வயதுப் பூசலன்று. நீண்ட கணக்கின்படி நிலம் ஆயிரம் ஆண்டுக்கு மூன்று விரற்கடை தாழ்ந்திருக்கும். குறுகிய கணக்கின்படி ஒரு சாண். அந்த ஒரு சாண் வேகத்துக்கும் லாத்தேமாரின் சிற்றுயிர்கள் ஈடுகொடுத்தன. அதே கடலில் வேறு சில திட்டுகளால் அவ்வாறு இயலவில்லை. அவை ஒளி எட்டாத ஆழத்தில் அமிழ்ந்து, சேற்றால் மூடப்பட்டன. தப்பிய லாத்தேமாரையோ பின்னர் எரிமலைக் குழம்பு பல இடங்களில் ஊடுருவிற்று. அக்கருஞ்சுவர்கள் வெள்ளை ஏடுகளைக் குறுக்கே வெட்டி நிற்பதை இன்றும் காணலாம்.