மதிலின் இரு புறம்: அணுசக்தி நகரும் சீத்தா கேம்ப்பும்

(கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



மும்பையின் கிழக்குப் புறநகரில் உள்ள அணுசக்தி நகர், பாபா அணு ஆராய்ச்சி மையம் முதலான நிறுவனங்களின் ஊழியர்களுக்கென அரசு கட்டிய குடியிருப்பாகும். அங்கே தமிழரும் மராட்டியரும் வங்காளியரும் மலையாளிகளும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் அணுசக்தி மத்தியப் பள்ளிகளில் ஒன்றாகப் படிக்கின்றனர். வேற்றுமையில் ஒற்றுமைக்கு இதுவே சான்று என்பர். அந்த ஒற்றுமை போற்றத்தக்கதே. ஆனால் அதன் அடித்தளம் எது? நிரந்தர வேலை, உறுதியான வீடு, குடிநீர், பள்ளி, மருத்துவமனை ஆகியவையே. இவை உறுதியாகும்போது மொழியின் பெயராலும் மதத்தின் பெயராலும் மனிதரைப் பிரிப்பது கடினமாகிறது.

இதன் மறுபக்கம் மதிலுக்கு வெளியே இருக்கிறது. மான்குர்டில் ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. நகரின் மையப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளுக்கென உருவானது அது. தமிழர் பெருமளவில் வாழ்ந்த அந்த நிலம், பின்னர் அணுசக்தித் துறையின் தேவைக்கென்று கோரப்பட்டது. கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம் தலைமையில் மக்கள் பல ஆண்டுகள் போராடினர். தில்லி வரை சென்று முறையிட்டனர். அவசரநிலைக் காலத்தில், 1976 மே மாதம், போலீஸ் படையின் துணையோடு காலனி தரைமட்டமாக்கப்பட்டது. சுமார் 70 ஆயிரம் பேர் டிராம்பே அருகிலுள்ள சதுப்பு நிலத்துக்குத் தள்ளப்பட்டனர். அதுவே இன்றைய சீத்தா கேம்ப்.

அங்கே எந்தத் திட்ட வரைபடமும் ஒற்றுமையை உருவாக்கவில்லை. சேற்றைத் தூர்த்து வீடு கட்டியவர்கள் தமிழ் பேசினர், உருது பேசினர், மராத்தி பேசினர். தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் ரேஷன் அட்டைக்கும் ஒன்றாக நின்றாக வேண்டியிருந்தது. அந்தத் தேவையே அவர்களை அண்டை அயலாராக்கியது.

இந்த ஒற்றுமையை உடைக்கும் அரசியலை மும்பை நன்கு அறியும். 1966-இல் தோன்றிய சிவசேனை முதலில் தென்னிந்தியரை எதிரியாகக் காட்டியது. தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய கம்யூனிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் 1970-இல் படுகொலை செய்யப்பட்டார். 1992-93 கலவரங்களில் முஸ்லிம்கள் வேட்டையாடப்பட்டனர். பின்னர் வட இந்தியத் தொழிலாளர் தாக்கப்பட்டனர். எதிரியின் பெயர் மட்டும் மாறியது. உழைப்பாளரைப் பிரிக்கும் நோக்கம் மாறவில்லை. நேற்று 'மதராசி' என்று இழிக்கப்பட்ட தமிழர், இன்று பீகார் தொழிலாளியை அந்நியனாகப் பார்ப்பாரெனில், தம்மை விரட்டியவர்களின் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறார்.

புறநகர் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ரயில் பாதையோரக் குடிசைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் மான்குர்டின் நெருக்கமான அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டுள்ளன. அணுசக்தி நகரை உள்ளடக்கிய எம்-கிழக்கு வார்டே மும்பையில் மனித மேம்பாட்டில் கடைசி இடத்தில் இருப்பதாக, 2009-ஆம் ஆண்டுக்கான மும்பை மனித மேம்பாட்டு அறிக்கை காட்டியது. நாட்டின் உயர்ந்த அறிவியல் வாழும் வார்டில்தான் இந்த நிலை.

ஆகவே, தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களின் பணி தமிழர் தெருவோடு முடிவதில்லை. குடிநீர், கழிவகற்றல், பள்ளி, குடியிருப்பு உரிமை ஆகிய கோரிக்கைகள் எல்லா மொழிகளிலும் எழுதப்பட வேண்டும். மதிலுக்குள் வாழும் நிரந்தர ஊழியரும் வெளியே வாழும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே மனுவில் கையெழுத்திட வேண்டும். உள்ளே இருப்போருக்கு உரிமையாகக் கிடைப்பது, வெளியே இருப்போருக்குச் சலுகையாக இருக்கலாகாது.